யூடியூப் மருத்துவச்சிகளும் ஒன்பதாவது மாதமும்

“எங்க பாட்டி பத்துப் புள்ள பெத்தா. எல்லாமே வீட்டுலதான். எந்த டாக்டர் வந்தான், எந்த ஸ்கேன் எடுத்தா?”

பிரசவப் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த வசனத்தை எடுத்துவிட ஒருவர் தயாராக இருக்கிறார். கல்யாணப் பந்தியில் இருக்கிறார், ஆபீஸ் கேன்டீனில் இருக்கிறார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கட்டாயம் இருக்கிறார். பெரும்பாலும் அவர் ஆண். அந்தப் பாட்டியிடம் போய், “பத்துல எத்தனை தங்குச்சு பாட்டி?” என்று அவர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். கேட்டுப் பார்க்கட்டும். கிழவி விரலை மடக்க ஆரம்பிப்பாள். மூத்தது பிறந்த மூணாம் நாள் போச்சு, நாலாவது வயித்துக்குள்ளேயே போச்சு, கடைசிக்கு முந்தினது ஜன்னி கண்டு போச்சு... அப்புறம் தலைச்சன் பிரசவத்திலேயே செத்துப்போன தன் அக்காவையும் ஞாபகப்படுத்துவாள். அந்த அக்காவுக்குப் பேரன் கிடையாது. அதனால் அவள் கட்சியைப் பேச வாட்ஸ்அப்பில் ஆளும் கிடையாது.

சும்மா பேச்சுக்குச் சொல்வது இல்லை இது. சுதந்திரத்துக்கு முன் இந்தியாவின் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் குழு (சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்ததால் அந்தப் பெயர், சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 1946ல் அறிக்கை கொடுத்தது. ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார்கள் சாகிறார்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம் பெண்கள் என்று மதிப்பிட்டது அந்த அறிக்கை. லட்சம் பிரசவத்துக்கு என்று மாற்றினால் 2,000. தமிழ்நாட்டில் இதே கணக்கு 2001-03ல் 134, 2018-20ல் 54. முழுப் பெருமையும் மருத்துவமனைக் கட்டிலுக்கே என்று சொல்ல முடியாது. ரத்த வங்கி, ஆன்டிபயாடிக், ரோடு, பஸ், பெண்கள் படித்தது, பத்துக்குப் பதில் இரண்டோடு நிறுத்தியது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் பாட்டி காலம் பொற்காலம் என்று சொல்ல இதில் ஒரு வரி கூட இல்லை.

லாபம் பார்த்த கடைகளை மட்டும் எண்ணிவிட்டு “வியாபாரத்தில் நஷ்டமே கிடையாது” என்று ஒருவன் சொன்னால் பி.காம் முதல் வருஷப் பையன்கூடச் சிரிப்பான். பிரசவ விஷயத்தில் அதே கணக்கைச் சொன்னால் கைதட்டு விழுகிறது, ஷேர் ஆகிறது.

2018 ஜூலையில் திருப்பூரில் 28 வயதுப் பெண் ஒருவர் வீட்டுப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்தார். யூடியூப் வீடியோக்களைப் பார்த்துக் கணவரும் நண்பர்களும் பிரசவம் பார்த்தார்கள் என்று செய்தி வந்தது. கர்ப்பத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுகூடச் செய்யவில்லை. தமிழ்நாடே பேசியது. அந்தச் சூடு ஆறுவதற்குள், அடுத்த மாதமே, வீட்டில் சுகப்பிரசவம் பார்க்க ஒரு நாள் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். ஒரு நாள்! டூவீலர் லைசென்ஸ் வாங்கவே எல்எல்ஆர் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

அதோடு நின்றதா என்றால் இல்லை. 2023 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கணவர் பார்த்த பிரசவத்தில் இன்னொரு பெண் இறந்தார். 2025 ஏப்ரலில் கேரளாவின் மலப்புரத்தில் ஒருவர், ஐந்தாவது பிரசவத்தில். “முதல் பிரசவம்தான் ஆபத்து, அப்புறம் பழகிடும்” என்பவர்கள் அந்த ஐந்தாவது என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இடையில் 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர்ப் பக்கம் ஒரு தம்பதி வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டில் பெற்றுக்கொண்டார்கள். அந்தக் குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தது வெளியே வந்தது. தாயும் குழந்தையும் நலம். நல்ல விஷயம். ஆனால் அந்த நலம்தான் குழுவில் அடுத்த ஆயிரம் பேருக்கு விளம்பரம் ஆகும். திருப்பூர்ப் பெண்ணின் படத்தை எந்தக் குழுவும் தன் முகப்பில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

இவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: மரபு. அந்த மரபில் பிரசவம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். கணவனுக்கு அந்த அறையில் இடமே இல்லை. அவன் வேலை திண்ணையில் உட்காருவதும், கூப்பிட்டால் ஓடுவதும். உள்ளே இருப்பவள் மருத்துவச்சி. அவள் தன் அம்மாவிடமோ மாமியாரிடமோ கை வைத்துப் பழகியவள். நூற்றுக்கணக்கில் பிரசவம் பார்த்தவள். குழந்தை குறுக்கே கிடக்கிறதா, தலை இறங்கிவிட்டதா என்று வயிற்றைத் தடவியே சொல்லக்கூடியவள். அவளுக்கும் முடியாத பிரசவங்கள் இருந்தன. அந்தக் கணக்கைத்தான் மேலே 2,000 என்ற எண் சொல்கிறது. ஆனால் அவள் ஒரு தொழில்காரி. யாருடைய வீடியோவையும் பார்த்துவிட்டு வந்தவள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மருத்துவச்சிகளில் பெரும்பாலோர் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள், எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் விடப்பட்டார்கள், கூலியாக அளந்த நெல்லும் பழைய புடவையும் எப்படிக் கொடுக்கப்பட்டன என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். குழந்தையை முதலில் தொட்ட கை அவளுடையது. தீட்டு என்று சொல்லித் தள்ளி வைக்கப்பட்டதும் அவள்தான். இன்றைக்கு மரபு மரபு என்று மார்தட்டுகிறவர்கள் அவளை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். அவள் இடத்தில் கணவனும் ஒரு செல்போனும் வந்து உட்கார்ந்தாயிற்று.

சரி, உலகத்தில் வேறு எங்குமே வீட்டில் பெறுவது இல்லையா? இருக்கிறது. நெதர்லாந்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். (வீடியோக்களில் அந்தக் கொடி தவறாமல் பறக்கும்.) 1960களில் அங்கே மூன்றில் இரண்டு பங்குப் பிரசவம் வீட்டில்தான் நடந்தது. இப்போது ஐந்தில் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் பணக்கார நாடுகளில் இதுவே அதிகம். அங்கே கடைசி இரண்டு மாதத்தில் என்ன தயாரிப்பு நடக்கிறது என்று பார்த்தால்தான் இங்கே நடப்பது எவ்வளவு பெரிய விளையாட்டு என்று புரியும்.

முதலில், ஆசைப்பட்ட எல்லோருக்கும் அனுமதி இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர், ரத்த அழுத்தம் ஏறியவர், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர், இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, நஞ்சு கீழே இறங்கி வாசலை அடைத்திருப்பவர் எல்லோருக்கும் மருத்துவமனைதான். 37 வாரம் முடிவதற்குள் வலி வந்தாலும் அப்படியே. 42 வாரம் தாண்டினாலும் அப்படியே. இந்த வடிகட்டல் நடக்க வேண்டும் என்றால் மாதாமாதம் பிரஷர் பார்த்திருக்க வேண்டும், ரத்தம் எடுத்திருக்க வேண்டும், ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். ஆக, “ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம், வீட்டில் பெறுவோம்” என்ற வசனத்துக்கு நெதர்லாந்திலும் இடமில்லை.

அடுத்தது ஆள். பிரசவம் பார்ப்பவர் நான்கு வருஷம் இதை மட்டுமே பட்டப்படிப்பாகப் படித்து உரிமம் வாங்கியவர். கூடவே இன்னொரு பயிற்சி பெற்ற உதவியாளர். அவர் பிரசவத்துக்குப் பிறகும் எட்டு நாள் போல தினமும் வந்து தாயையும் குழந்தையையும் பார்ப்பார். பிரசவத்துக்கு வாரக்கணக்கில் முன்பே வீட்டை வந்து பார்க்கிறார்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்குக் கட்டை கொடுத்து இடுப்புயரத்துக்குத் தூக்கச் சொல்கிறார்கள், குனிந்து குனிந்து வேலை பார்க்க முடியாது என்பதால். மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை, பஞ்சு, துணி, கிளிப் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியை இன்சூரன்ஸ் கம்பெனியே அனுப்பிவிடுகிறது. மாடி வீடாக இருந்தால் அவசரத்துக்குப் பெண்ணை எப்படிக் கீழே இறக்குவது என்பதுவரை யோசனை போகிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி மருத்துவச்சியின் பையில் இருக்கிறது. பிறந்த குழந்தை மூச்சு விடாவிட்டால் காற்று கொடுக்கும் பையும் முகமூடியும் இருக்கிறது. எந்த மருத்துவமனைக்கு, எந்த வழியாக என்பது முன்பே முடிவாகியிருக்கிறது.

இவ்வளவும் செய்தால் வீட்டுப் பிரசவம் ஆபத்தே இல்லாததா? இங்கிலாந்தில் ஆபத்து குறைந்த சுமார் 64,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2011ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. முன்பு சிக்கலில்லாமல் பெற்றவர்களுக்கு வீட்டிலும் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. முதல் பிரசவத்துக்குக் கதை வேறு. வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களில் குழந்தைக்குப் பெரிய பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3. மருத்துவமனையில் 5.3. அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு: வீட்டில் ஆரம்பித்த தலைச்சன் பிரசவங்களில் 100க்கு 45 பேர் வழியிலோ முடிந்த பிறகோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். நூற்றுக்கு நாற்பத்தைந்து! பாதிப் பேர் எப்படியும் வண்டியேறுவார்கள் என்று தெரிந்தே கட்டிய ஏற்பாடு அது. வீட்டுப் பிரசவம் என்று அவர்கள் சொல்வது மருத்துவமனையின் ஒரு கை வீடுவரை நீள்வதைத்தான். இங்கே அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கையை வெட்டிவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் உண்மையான எதிரி நேரம்தான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. குழந்தை வந்து, நஞ்சு பிரிந்ததும், அந்தக் கர்ப்பப்பைத் தசை இறுகிச் சுருங்கி ரத்தக்குழாய்களைத் தானே நெரித்து மூட வேண்டும். பெரும்பாலும் மூடிவிடும். பாட்டிகள் பிழைத்தது அதனால்தான். மூடாமல் தசை தளர்ந்து கிடந்தாலோ, நஞ்சு முழுசாக வராமல் உள்ளே ஒட்டிக்கொண்டாலோ, குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். இது யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்தில், அழகாகக் குழந்தை பிறந்து அழுத பிறகும் நடக்கும். அப்போது வேண்டியது 10 யூனிட் ஆக்ஸிடோசின், தொடையில் ஒரு ஊசி. குழந்தை பிறந்த உடனேயே எல்லோருக்கும் போட்டுவிட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் அடுத்த மருந்து, அதற்கும் மேல் ரத்தம், அதற்கும் மேல் ஆபரேஷன் தியேட்டர். இதில் எந்தப் படியையும் வீடியோவை பாஸ் செய்து, ரீவைண்ட் செய்து ஏற முடியாது.

இதோடு ரத்தசோகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. நல்ல ரத்தம் இருப்பவள் தாங்கும் இழப்பை இவளால் தாங்க முடியாது. சத்தில்லாமல் வெளுத்துப்போன உடம்பை வைத்துக்கொண்டு “இயற்கை பார்த்துக்கொள்ளும்” என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதிலும் அடுத்தவர் உடம்பை வைத்துச் சொல்வதற்கு...

ப்ளஸ் டூ கணக்குப்பதிவியலில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒரு சமாச்சாரம் வரும். கடன் வாங்கியவர்கள் நல்லவர்கள்தான், பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆனாலும் சிலர் தரமாட்டார்கள், யார் என்று இப்போது தெரியாது. அதற்காக லாபத்திலிருந்து முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது. மளிகைக் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் பாக்கிக்குச் செய்யும் இந்த ஏற்பாட்டை, பெண்டாட்டியின் உயிருக்குச் செய்யாமல் விடுவதற்குத்தான் இயற்கை வாழ்வு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

ஒன்பதாவது மாதத்தில் வீட்டில் செய்ய வேண்டிய தயாரிப்பு நிறைய இருக்கிறது. ஆனால் அது வேறு. பிக்மி நம்பரும் தாய்சேய் அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே பையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். அதே குரூப் ரத்தம் உள்ள இரண்டு பேரின் போன் நம்பர். ராத்திரி இரண்டு மணிக்கு 108 வருவதற்குத் தாமதமானால் யார் வண்டி, டிரைவர் யார். மூத்த குழந்தை இருந்தால் அதை யாரிடம் விடுவது. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், ரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், இதில் எது நடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதை அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் மாமியாருக்கும் கணவனுக்கும் மனப்பாடம் ஆக்குவது. இதையெல்லாம் வீடியோ போட்டால் லைக் விழாது. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாக வந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிற வீடுகளும் இருக்கின்றன.

இதுவரை படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் யாராவது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டால், அவர்களுக்கும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. அதே 2019-21 ஆய்வுதான் சொல்கிறது. அவ்வளவு பேரும் விரும்பித்தான் போகிறார்களா? சிசேரியன் மொத்தம் 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் 63.8. அதாவது தனியார் வாசலில் கால் வைக்கும் மூன்று பெண்களில் இரண்டு பேருக்கு வயிற்றைக் கிழிக்கிறார்கள். மூன்றில் இரண்டு தமிழச்சிகளுக்கு இடுப்பெலும்பு திடீரென்று சுருங்கிவிட்டதா என்ன? சுகப்பிரசவத்துக்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும், பில் சின்னது. சிசேரியன் ஒரு மணி நேரம், பில் பெரிசு. இந்தக் கணக்கு புரிய ஆடிட்டர் வேண்டாம். (நட்சத்திரம் பார்த்து, “காலையில ஒன்பதே காலுக்குள்ள எடுத்துடுங்க டாக்டர்” என்று கேட்கும் குடும்பங்களும் இந்த 63.8க்குள் இருக்கின்றன. அவர்கள் பேரையும் மரபு லிஸ்டில்தான் சேர்க்க வேண்டும்.)

அரசு மருத்துவமனையில் பில் இல்லை. வேறு விலை இருக்கிறது. வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, “அப்ப நல்லா இருந்துச்சு, இப்ப கத்துறியா?” என்று கேட்கும் குரலைப் பிரசவ வார்டுக்குப் போய்வந்த பெண்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று வீட்டிலிருக்கும் அத்தைகளையும் சித்திகளையும் விசாரித்தால் தெரியும். தொடையில் அடி. கேட்காமல் போட்ட தையல். திரை இல்லாத கட்டில். குழந்தையைக் கொண்டுவந்து காட்டப் பையன் என்றால் ஒரு ரேட்டு, பெண் என்றால் ஒரு ரேட்டு. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் உறவினரை அனுமதிக்கலாம் என்று தமிழக அரசு 2004லேயே சொல்லிவிட்டது. இருந்தும் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்த கதைகள் இருபது வருஷம் கழித்தும் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வாய் திறந்தே ஆக வேண்டும் என்று அவசரப்படுத்தாதே, எல்லோருக்கும் வழக்கமாகக் கீறாதே என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் எழுதி வைத்தது. தேர்ச்சி பெற்ற மருத்துவச்சிகளை உருவாக்கும் வழிகாட்டல் ஒன்றை மத்திய அரசும் அதே வருஷம் வெளியிட்டது. வலி வந்து படுத்திருக்கும் பெண்ணுக்கு இந்தக் காகிதங்களால் என்ன பிரயோஜனம்?

யூடியூப் மருத்துவச்சிகள் கடை விரிப்பது இந்த இடத்தில்தான். அவர்கள் விற்கும் சரக்கு பொய். ஆனால் வாங்க வருகிறவளின் பயம் பொய் இல்லை. முதல் பிரசவத்தில் அவமானப்பட்டுத் திரும்பியவள், இரண்டாவதுக்கு “யாரும் என்னைத் தொட வேண்டாம்” என்று சொன்னால் அவளை முட்டாள் என்று திட்டிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். கணவர்களைக் கைது செய்வதும் சுலபம். செத்தவள் செத்தவள்தான், கைது அடுத்தவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைக்காது. பயந்தவர்களை இன்னும் ஆழமாக ஒளிய வைக்கும், பதிவு செய்யாமல், செவிலியருக்குத் தெரியாமல், ஊர் மாறி. அப்படி ஒளிந்தவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தால், போலீஸ் வருமே என்ற பயத்தில் 108ஐ அழைக்கவே பத்து நிமிஷம் யோசிப்பார்கள். அவளிடம் இருப்பதே அந்தப் பத்து நிமிஷம்தான்.

அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை. பிரசவ வார்டில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு திரை போட என்ன செலவாகும்? துணைக்கு வரும் அம்மா உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்ன விலை? எந்த டெண்டரில் இது நிற்கிறது? ஒன்பதாவது மாதம் தொடங்கும்போது ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஒருமுறை அந்த வார்டுக்குள் கூட்டிப்போய், கட்டில் இது, பாத்ரூம் அது, உனக்குப் பிரசவம் பார்க்கப்போகும் சிஸ்டர் இவர் என்று காட்ட அரை மணி நேரம் ஆகுமா? அந்த சிஸ்டர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு “வாம்மா, எத்தனை மாசம்?” என்று கேட்பதற்கு எந்த நிதிக்குழு ஒப்புதல் தர வேண்டும்?